பாங்கி கைமாறினால் குடியானவருக்கு நேர்வது என்ன?

சென்ற மாசி மாதத்தில் வாழை வாடல் நோயைப் பற்றிப் பேசுவதற்காகக் காவேரிக் கரையிலுள்ள ஒரு கிராமத்துக்குச் சென்றிருந்தேன். பேச்சு முடிந்ததும் வாழையைப் பற்றிய கேள்விகள் வருமென எதிர்பார்த்திருந்த எனக்கு முதலிற் கிடைத்த கேள்வி வேறு விதமாயிருந்தது. "ஐயா, நாங்கள் பணம் போட்டிருக்கிற பாங்கியை வேறொரு பாங்கி எடுத்துக்கொள்ளப் போகிறதாமே. போட்ட பணம் வருமா? வாங்கின கடன் என்ன ஆகும்?" என்று வயது முதிர்ந்த குடியானவர் ஒருவர் எழுந்து கேட்டார். அங்கிருந்தோரில் பாதிப் பேர் அதே கவலையுடன் வந்திருந்தனர் என்பது பிறகு தெரிந்தது. விவசாய இலாகாவைச் சேர்ந்தவன் பாங்கி விஷயத்தை எழுதுவானேன் என்று சிலர் நினைக்கலாம். விதையின் விலை, உரத்தின் விலை, ஆலையிலிருந்து வரும் கரும்புப் பணம், சர்க்கார் உதவித் தொகை ஆகிய யாவும் பாங்கிக் கணக்கின் வழியாகவே நடைபெறும் இந்நாளில், அக்கணக்கைப் பற்றி அறிந்துகொள்வதும் சாகுபடியின் ஒரு பகுதியே.

பாங்கி கைமாறுவது பெரும்பாலும் இரு விதமாக நடைபெறுகிறது. நல்ல நிலைமையிலுள்ள பாங்கி தன் சொந்தக்காரரின் சம்மதத்துடன் மற்றொன்றோடு சேர்வது ஒருவிதம். மதுரையில் 1943ஆம் வருஷத்தில் கருமுத்து தியாகராஜச் செட்டியாரால் ஸ்தாபிக்கப்பட்ட 'பாங்க் ஆப் மதுரா', 2001ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில் ஐ.ஸி.ஐ.ஸி.ஐ. பாங்கியோடு சேர்ந்தது இவ்விதமே. பழைய பாங்கியின் பங்கு ஒன்றுக்குப் புதிய பாங்கியின் பங்குகள் இரண்டு வீதம் அப்பொழுது கொடுக்கப்பட்டன. சர்க்காருக்குச் சொந்தமான பாங்கிகளைச் சர்க்காரே ஒன்று சேர்ப்பதையும் இதனோடு வைத்து எண்ணலாம். பாண்டியன் கிராம பாங்கியும் பல்லவன் கிராம பாங்கியும் 2019ஆம் வருஷம் ஏப்ரல் 1ந் தேதி ஒன்றாகி, சேலத்தைத் தலைமை ஸ்தானமாகக் கொண்ட தமிழ்நாடு கிராம பாங்கியானது நம்மிற் பலர் அறிந்ததே.

வராக் கடன் மிகுந்து நொடித்துப்போகும் தறுவாயிலுள்ள பாங்கியை ரிசர்வ் பாங்கியும் சர்க்காரும் தலையிட்டு வேறொன்றின் கையில் ஒப்புவிப்பது மற்றொரு விதம். இதில்தான் ஜனங்களுக்குப் பீதி உண்டாகிறது. இதற்கு நமக்கு அண்மையிலேயே ஓர் உதாரணம் இருப்பதால் அதனைச் சற்று விரிவாகவே கூறுகிறேன்.

கரூர் லக்ஷ்மி விலாஸ் பாங்கி

அமராவதிப் பாசனமும் காவேரிப் பாசனமும் ஒருங்கே அமைந்த கரூரில், நெல்லும் வாழையும் வெற்றிலையும் ஒரு பக்கம், நெசவுத் தொழில் மற்றொரு பக்கமாகப் பணப் புழக்கம் எப்பொழுதும் அதிகம். ஆகையால் இச்சிறிய பட்டணத்தில் 1916ஆம் வருஷத்தில் ஒரு பாங்கியும், பத்து வருஷம் கழித்து 1926ல் மற்றொரு பாங்கியும் தோன்றின. இரண்டாவதே லக்ஷ்மி விலாஸ் பாங்கி. வி. எஸ். என். ராமலிங்கம் செட்டியாரும் அவரைச் சேர்ந்த வியாபாரிகளுமாக எழுவர் கூடி, சுற்றுப்புறத்து வியாபாரிகள், கைத்தொழிலாளர், குடியானவர் ஆகியோருக்கு உதவும் பொருட்டு இதனை ஆரம்பித்தனர்.

அக்காலத்தில் பாங்கி முறிந்தால் போட்டவர் பணமும் அதனோடு முறிந்தது. 1938ஆம் வருஷத்தில் திருவாங்கூர் நேஷனல் அண்டு குயிலான் பாங்கி கதவடைத்தபோதும், 1960 ஆகஸ்டு மாதத்தில் பாலா சென்ட்ரல் பாங்கி மூடப்பட்டபோதும் அநேகக் குடும்பங்கள் அல்லலுற்றன. இரண்டாவது முறிவுக்குப் பின்னரே, நொடிந்துவரும் பாங்கியின் கொடுக்கல் வாங்கலைச் சிறிது காலம் நிறுத்திவைத்து, அதனை வேறொரு பாங்கியுடன் கட்டாயமாக இணைக்கும் அதிகாரம் 1960லேயே சட்டத்தில் சேர்க்கப்பட்டது. டிபாஸிட்டுகளுக்கு இன்ஷூரன்ஸ் 1962 ஜனவரி 1ந் தேதி முதல் ஏற்பட்டது. ஆளொருவருக்கு 1,500 ரூபாய் என ஆரம்பித்த அந்த வரம்பு, 2020 பிப்ரவரி 4ந் தேதி முதல் 5 லக்ஷம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. அப்புதிய சட்டம் வந்த சமயத்தில், 1961 முதல் 1965 வரை லக்ஷ்மி விலாஸ் பாங்கி தானே ஒன்பது சிறு பாங்கிகளை ஏற்றுக்கொண்டு பெருகியது. அதே சட்டப் பிரிவு அறுபது வருஷம் கழித்துத் தன்மீதே பிரயோகிக்கப்படும் என்று அன்று கரூரில் யாரும் நினைத்திருக்க முடியாது.

பாங்கி கெட்ட விதம் நாம் கவனிக்கத்தக்கது. சிறு வியாபாரிக்கும் குடியானவருக்கும் சிறு சிறு தொகைகளாகக் கொடுத்து வந்தவரையில் அதற்குக் குறையில்லை. பெரிய கம்பெனிகளுக்குப் பெருந் தொகைகளாகக் கொடுக்கத் தலைப்பட்ட பிறகே வராக் கடன் ஏறியது. 2020ஆம் வருஷத்தில் அது கடனாகக் கொடுத்த ஒவ்வொரு நூறு ரூபாயிலும் ஏறக்குறைய 25 ரூபாய் வராக் கடனாக நின்றது. மூன்று வருஷம் தொடர்ந்து நஷ்டம். வேறொரு கம்பெனியுடன் சேர அது செய்த முயற்சிக்கு 2019 அக்டோபரில் ரிசர்வ் பாங்கி சம்மதிக்கவில்லை. 2020 செப்டம்பரில் பங்குதாரர்களே கூடி, நிர்வாகிகளில் எழுவரை மீண்டும் நியமிக்க மறுத்துவிட்டனர்.

அவ்வருஷம் தீபாவளி கழிந்த மூன்றாம் நாள், நவம்பர் 17ந் தேதி மாலை 6 மணி முதல், டிசம்பர் 16 வரையில் கணக்குக்காரர் ஒருவர் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்கலாகாது என உத்தரவாயிற்று. வைத்தியம், படிப்பு, கலியாணம் முதலிய அவசியங்களுக்கு அனுமதி பெற்று 5 லக்ஷம் வரை எடுக்க இடமிருந்தது. கார்த்திகை மாதம் சம்பாப் பயிருக்குக் களையெடுத்து மேலுரம் இடும் காலம். நான்கைந்து ஏக்கர் வைத்திருப்பவருக்கு ஆட்கூலியும் உரமுமே அத்தொகையை விழுங்கிவிடும். நல்வேளையாகத் தடை ஒரு மாதம் நீடிக்கவில்லை. மத்திய மந்திரி சபை 25ந் தேதி சம்மதமளிக்க, 27ந் தேதியன்று லக்ஷ்மி விலாஸ் பாங்கி, சிங்கப்பூரைச் சேர்ந்த டி.பி.எஸ். பாங்கியின் இந்திய ஸ்தாபனத்துடன் சேர்க்கப்பட்டது. சிங்கப்பூரிலிருந்து 2,500 கோடி ரூபாய் புது மூலதனமாக வந்தது. 563 கிளைகளும், ஏறக்குறைய 20 லக்ஷம் டிபாஸிட்தாரரும், 4,000 சிப்பந்திகளும் ஒரே நாளில் கைமாறினர்.

எவருக்கு நஷ்டம்?

டிபாஸிட்தாரருக்கு ஒரு காசும் நஷ்டமில்லை. சேமிப்புக் கணக்குக்கும் தவணை டிபாஸிட்டுக்கும் மறு அறிவிப்பு வரும்வரை பழைய வட்டி வீதமே நீடிக்கும் என்று புதிய பாங்கி தெரிவித்தது. சிப்பந்திகளும் பழைய சம்பளத்திலும் நிபந்தனைகளிலும் தொடர்ந்தனர்.

நஷ்டமடைந்தவர் பங்குதாரரே. பங்கு மூலதனம் முழுதும் கணக்கிலிருந்து தள்ளுபடி செய்யப்பட்டது. பங்குகளுக்கு ஈடாக ஒன்றும் கொடுக்கப்படவில்லை. ஏறக்குறைய 318 கோடி ரூபாய்க்குரிய ஒருவகைக் கடன் பத்திரங்களும் அவ்வாறே தள்ளப்பட்டன. சிலர் நியாய ஸ்தலங்களை நாடினர். ஊர்ப் பாங்கியின் பங்கை, நிலத்தைப் போலக் குறையாத சொத்தென்று எண்ணித் தந்தை மகனுக்கு விட்டுச்செல்லும் வழக்கம் இப்பக்கங்களில் நெடுநாளாக உண்டு. மதுரைப் பங்குதாரருக்கு ஒன்றுக்கு இரண்டு கிடைத்தது. கரூர்ப் பங்குதாரருக்கு ஒன்றுமில்லை. இவ்விரண்டுக்கும் காரணம் ஒன்றே. ஒருவர் சாகுபடிக்கு விதைநெல் கடன் கொடுக்கிறார், மற்றொருவர் அச்சாகுபடியிற் கூட்டுச் சேர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். விளைந்தாலும் விளையாவிட்டாலும் கடன் கொடுத்தவருக்குக் கொடுத்தே தீரவேண்டும். கூட்டாளிக்கோ மிச்சமிருந்தால்தான் பங்கு. டிபாஸிட்தாரர் கடன் கொடுத்தவர், பங்குதாரர் கூட்டாளி. பாங்கிக் கட்டடத்தினுள்ளேயே, பாங்கிச் சிப்பந்தியே, "டிபாஸிட்டைவிட வட்டி அதிகம்" என்று ஒரு பத்திரத்தைக் காட்டினாலும், அது டிபாஸிட்டா அல்லவா என்பதை எழுத்தில் கேட்டறிய வேண்டும்.

டிபாஸிட்தாரரும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இன்ஷூரன்ஸ் என்பது ஒருவருக்கு ஒரு பாங்கியில் உள்ள தொகை முழுவதற்கும் சேர்த்தே 5 லக்ஷம். இரண்டு பாங்கிகளில் 5 லக்ஷம் வீதம் போட்டு வைத்திருப்பவர், அவ்விரண்டும் ஒன்றாகிவிட்டால், 10 லக்ஷத்துக்கும் சேர்த்து 5 லக்ஷத்துக்கே காப்புடையவராவார்.

கடன் வாங்கியவர்களுக்குள் ஒரு வதந்தி உலவுவதுண்டு: பாங்கி முழுகினால் கடனும் முழுகிவிடும் என்பது. இது முற்றிலும் தவறு. நோட்டு, அடமானம், ஈடு யாவும் புதிய பாங்கியின் பெயருக்குத் தாமே மாறிவிடும். இதை நம்பித் தவணை தவறியவர்கள் அபராத வட்டியைத்தான் கண்டனர். நகைக் கடனும் அவ்வாறே. நகைகள் பழைய எடையில் பழைய சீட்டின் பேரிலேயே இருக்கும். வட்டி வீதம் தவணை முடியும் வரையில் சீட்டில் கண்டபடியே. புதுப்பிக்கும்போதுதான் புதிய பாங்கியின் நிபந்தனைகள் தொடங்கும். "வட்டி மட்டும் கட்டித் திருப்பி வைத்துக்கொள்ளலாம்" என்று பழைய மானேஜர் வாயால் சொல்லியிருந்தால், அச்சொல் புதியவரைக் கட்டாது.

மாறுதற் காலத்துத் தொல்லைகள்

கணக்கு எண், செக்குப் புத்தகம், கிளையின் ஐ.எப்.எஸ்.ஸி. குறியீடு ஆகியவை கைமாறிய அன்றே மாறிவிடுவதில்லை. கரூர்ப் பாங்கி 2020 நவம்பரில் கைமாறிய போதிலும், அதன் பழைய குறியீடுகள் 2022 பிப்ரவரி 28 வரை செல்லுபடியாகி, அதன் பிறகே நின்றன. இந்த இடைக்காலமே ஆபத்தானது. ஒன்றும் மாறவில்லை என்று எண்ணி ஜனங்கள் அசட்டையாயிருந்துவிடுகின்றனர்.

என் சரகத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பாங்கியின் பெயர் வேண்டாம். கரும்பு பயிரிடும் ஒருவருக்கு ஆலையிலிருந்து வரவேண்டிய பணம், ஆலையின் புத்தகத்தில் பழைய குறியீடே இருந்தபடியால் திரும்பிச் சென்றுவிட்டது. அப்பணத்தைக் கொண்டு பயிர்க்கடனைக் கட்ட எண்ணியிருந்தவர், தகவல் தெரிந்து ஆலைக்கும் பாங்கிக்கும் நடந்து முடிப்பதற்குள் தவணை பதினொரு நாள் கடந்துவிட்டது. குறித்த நாளில் பயிர்க்கடனைத் திருப்பிக் கட்டுவோருக்கு நூற்றுக்கு 3 வீதம் வட்டிச் சலுகை உண்டென்பது தெரிந்ததே. அந்தச் சலுகை அவருக்கு அவ்வருஷம் இல்லாமற் போயிற்று. குற்றம் அவருடையதா, ஆலையினுடையதா, பாங்கியினுடையதா என்று மூவரும் நெடுநேரம் வாதித்தனர். நான் கேட்டவரையில், குறியீடு மாறப்போவதாகப் பாங்கி அனுப்பிய செய்தி அவருடைய மகனின் கைத்தொலைபேசிக்கு ஆங்கிலத்தில் வந்திருந்தது. மகன் திருப்பூரில் வேலை பார்க்கிறான். அவன் அதைப் படித்தானோ, படியாமல் விட்டானோ!

ஆலை, பால் சங்கம், மண்டி, பயிர் இன்ஷூரன்ஸ் முதலிய எவ்விடங்களில் நம் கணக்கு எழுதப்பட்டிருக்கிறதோ அவ்விடங்களுக்கெல்லாம் நாமே சென்று புதிய குறியீட்டைப் பதிந்துவர வேண்டும். வருஷத்துக்கு மூன்று தவணையாக 2,000 ரூபாய் வீதம் வரும் பிரதம மந்திரி கிஸான் தொகை ஆதார் எண் எந்தப் பாங்கியோடு இணைந்திருக்கிறதோ அங்கே செல்லும். இணைப்பு புதிய பாங்கியின் பெயரில் ஏறியிருக்கிறதா என்று ஒருமுறை கேட்டுவிடுவது நலம்.

இரண்டு பாங்கிகளுக்கும் ஒரே கடைத்தெருவில் கிளைகளிருந்தால் ஒன்று மூடப்படுவதும் வழக்கம். பட்டணத்தாருக்கு இது பொருட்டன்று. பஸ் வசதி குறைந்த கிராமத்தாருக்கோ, பாங்கி எட்டு மைல் தள்ளிப் போனால் ஒருநாட் கூலி அதனோடு போகிறது.

கணக்கில் ஏறாத கணக்கு

மேற்கூறியவை யாவும் சில மாதங்களிற் சரிப்பட்டுவிடும். சரிப்படாத ஒன்று உண்டு. கிராமத்தாருக்கு நேரும் பெரிய நஷ்டம் அதுவே என்பது என் அபிப்பிராயம்.

ஒரு கிளையில் ஐந்தாறு வருஷம் இருந்த மானேஜருக்கு, இன்னார் நிலம் வாய்க்காலின் தலைமடையில், இன்னாருடையது கடைமடையில். இன்னார் பொங்கல் கழிந்து பணம் கட்டுவார், இன்னார் வாழைத்தார் வெட்டியபின் கட்டுவார். இவர் சென்ற வருஷம் தவறியது சூறைக்காற்றால், அவர் தவறியது சோம்பலால் என்பதெல்லாம் தெரியும். இவற்றில் ஒன்றும் பாங்கியின் புத்தகத்தில் எழுதப்படுவதில்லை. பாங்கி கைமாறும்பொழுது புத்தகங்கள்தாம் கைமாறும். மானேஜர் வேறு ஊருக்கு மாற்றப்படுவார். அவரோடு நம் இருபது வருஷத்து நாணயமும் பஸ் ஏறிவிடும். பிறகு கடன் மனு தூரத்திலுள்ள காரியாலயத்துக்குப் போகும். அங்கே உள்ளவர் காண்பது ஜனங்கள் 'ஸிபில்' என்று சொல்லும் எண் ஒன்றே. காற்றில் விழுந்த வாழையும், கவனக்குறைவால் விட்ட தவணையும் அந்த எண்ணில் ஒரே விதமாகத் தெரியும்.

பழைய முறை குற்றமற்றதென்று நான் சொல்ல வரவில்லை. மானேஜருக்குத் தெரிந்தவர் என்றால் பெரும்பாலும் தெருவில் பெரிய வீட்டுக்காரரே. அவர் வீட்டுத் திண்ணையில் உட்காரும் பழக்கமில்லாத சிறு குடியானவருக்கு, ஆள் முகம் பாராமல் எண்ணை மட்டும் பார்க்கும் தூரத்துக் காரியாலயம் சில சமயம் நியாயமாகவே நடந்துகொள்கிறது. அத்தகைய இருவரை எனக்கே தெரியும். அதிகம் பாதிக்கப்படுபவர் குத்தகைதாரர். பட்டா நிலக்காரர் பேரில், வாரம் வாய்ப்பேச்சில், அடங்கலில் இவர் பெயர் ஏறியிருப்பது அபூர்வம். இவர்தாம் பயிரிடுகிறார் என்பதைக் கண்ணால் கண்டறிந்த மானேஜர் ஒருவரே இவருக்குச் சாக்ஷி. அவர் போய்விட்டால் இவர் குடியானவரென்பதற்கே ருஜுவில்லை.

இதற்குப் பரிகாரம், மனிதர் நினைவிலிருப்பதைக் காகிதத்துக்குக் கொண்டுவருவதுதான். கைமாறும் செய்தி காதில் விழுந்ததும், மானேஜர் மாறுவதற்கு முன்பாகவே பாஸ் புத்தகத்தை அன்றுவரை பதிந்துகொண்டு, கடன் கணக்கின் நகலைக் குறைந்தது மூன்று வருஷத்துக்கு முத்திரையுடன் வாங்கி வைக்க வேண்டும். தீர்த்துவிட்ட கடனுக்கு நிலுவையில்லை என்ற சீட்டும், ஈட்டுக்குக் கொடுத்த பத்திரங்களின் ஜாபிதாவும் கேட்டுப் பெறவேண்டும். டிபாஸிட்டுக்கு வாரிசுதாரராக எவர் பெயர் எழுதப்பட்டிருக்கிறதென்று பார்த்துக்கொள்ள வேண்டும். நகைச் சீட்டில் எடை தெளிவாக இருக்கிறதா என்பதையும் நோக்குக. காற்று, வெள்ளம், வறட்சியால் தவணைக்கு அவகாசம் பெற்றவர், அந்த உத்தரவின் நகலையும் கிராம நிர்வாக அதிகாரியின் பயிர்ச்சேத சர்டிபிகேட்டையும் சேர்த்து வைப்பாராக. குத்தகைதாரர், நிலக்காரரின் சம்மதத்தைப் பெற்று, இந்தப் பருவத்திலேயே அடங்கலில் தம் பெயரை ஏற்றிக்கொள்ள முயல வேண்டும். நிலக்காரர் எளிதில் இசையமாட்டார் என்பதை அறிந்தே இதைச் சொல்கிறேன்.

கைமாறிய பின் பிழை கண்டால், புதிய பாங்கியின் கிளைக்கு எழுத்துமூலம் தெரிவித்துப் பற்றுச்சீட்டு வாங்கிக்கொள்க. முப்பது நாளில் பதிலில்லையானாலும், பதில் திருப்தியில்லையானாலும், ரிசர்வ் பாங்கியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மனுச்செய்யலாம். இதற்குக் கட்டணமில்லை, வக்கீலும் வேண்டியதில்லை.

அன்று என்னைக் கேள்வி கேட்ட பெரியவர், மறுநாட் காலையில் ஒரு தகரப் பெட்டியுடன் வந்தார். அதில் 1987ஆம் வருஷத்திலிருந்து அவர் கட்டிய ஒவ்வொரு கடனின் ரசீதும் நூலிற் கோத்து வைக்கப்பட்டிருந்தது. ஒரு வருஷத்து ரசீது மட்டும் கரையான் அரித்திருந்தது. அதற்குரிய நகலைப் பாங்கியிற் கேட்டு மனு எழுதிக் கொடுத்தேன். மனுவை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்ட பிறகே, அவர் தம் தோட்டத்தில் மூன்று வாழைக்கு இலை மஞ்சளித்திருப்பதைப் பற்றிப் பேச்செடுத்தார். சென்று பார்த்தோம், வாடல் நோயேதான். அதற்கான முறைகளை அடுத்த இதழில் எழுதுகிறேன்.